கேள்விப்படாமலே இறந்தவர்களுக்கு இரட்சிப்பு உண்டா? ஒரு கேள்வியும் தொடர்ந்து எழுதிய குறிப்புகளும்

பிப்ரவரி 3, 2022 – வாசகர் கேள்வி

ஞாயிறு வகுப்பில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், "இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேள்விப்படாமல் இறந்துபோனவர்கள் எல்லாரும் நரகத்துக்குத்தான் போவார்களா?" என்று கேட்டான். வேதம் அப்படித்தான் சொல்கிறது என்று பதில் சொன்னேன். அதன் பிறகு அவன் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. நான் சொன்னது சரிதானா?

பிப்ரவரி 3, இரவு

நீங்கள் சொன்னது திருச்சபையில் நெடுங்காலமாக வழங்கிவரும் பதில்களில் ஒன்று. அது மட்டுமே பதில் என்று சொல்ல முடியாது. முதலில், இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மனிதரை இரட்சிப்பவர் யார் என்பது ஒன்று. அவர் இன்னார் என்று அறிந்திருந்தால்தான் அந்த இரட்சிப்பு ஒருவரை வந்து சேருமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் புதிய ஏற்பாடு ஐயத்துக்கு இடமின்றி விடை தருகிறது. ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்ற பேதுரு, அவருடைய நாமமேயல்லாமல் வேறொரு நாமம் கட்டளையிடப்படவில்லை என்று சொன்னதை (அப்போஸ்தலர் 4:12) இரண்டு தரப்பாரும் ஏற்கிறார்கள். பிரிவு தொடங்குவது இரண்டாவது கேள்வியில்.

கண்டிப்பான தரப்பின் வலுவான ஆதாரம் ரோமர் 10. கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று பவுல் அடுக்கிக் கேட்கிறார். இதோடு ரோமர் 1:20ஐச் சேர்த்துக்கொள்வார்கள். படைப்பைப் பார்த்தே தேவனை அறியும் வாய்ப்பு எல்லாருக்கும் இருந்தது, அதை மனிதர் அடக்கிவைத்தார்கள், ஆகவே போக்குச்சொல்ல இடமில்லை. ஒருவர் ஆக்கினைக்குள்ளாவது கேள்விப்படாததற்காக இல்லை, செய்த பாவத்துக்காகத்தான் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். இருபது ஆண்டுகள் நானும் இதைத்தான் பிறருக்குச் சொல்லிவந்தேன்.

என் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவர் என் தந்தை. அவருடைய தாயார் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனார். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு போதகரிடம், பாட்டி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொன்னார். பதிலைவிட, அது வந்த வேகம்தான் எனக்குள் தங்கிவிட்டது. உங்கள் வகுப்புப் பையனும் யாரையாவது மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 4

"திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்று ஆதிமுதல் சொல்லியாகிவிட்டதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வாசகத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயராக இருந்த சிப்ரியானின் கடிதத்தில் அது வருகிறது. அந்தக் கடிதம் பேசுவது, சபையைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்ற தகராற்றைப் பற்றி. வீட்டை விட்டு வெளியேறியவனுக்குச் சொன்ன சொல்லை, அப்படி ஒரு வீடு இருப்பதையே அறியாதவன்மேல் ஏற்றியது பிற்காலம்.

சிப்ரியானுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பின்னர் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், சாக்ரடீஸையும் ஹெராக்ளிட்டஸையும் பெயர் சொல்லி, வார்த்தையானவருக்கு, அதாவது கிறிஸ்துவுக்கு, இசைய வாழ்ந்தவர்கள் கிறிஸ்தவர்களே என்று எழுதினார். அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட், யூதருக்கு நியாயப்பிரமாணம் எப்படியோ அப்படியே கிரேக்கருக்குத் தத்துவம் அவர்களைக் கிறிஸ்துவிடம் நடத்திவந்த உபாத்தியாக இருந்தது என்றார். ரோமப் பேரரசு கிறிஸ்தவமான பின்போ, சுவிசேஷம் உலகெங்கும் போய்விட்டது, இனி வெளியே நிற்பவன் வேண்டுமென்றே நிற்பவன் என்ற எண்ணம் வேரூன்றியது. அகுஸ்தீன் மட்டும் ஆப்பிரிக்காவிலேயே சுவிசேஷம் எட்டாத இனங்கள் உண்டு என்று அறிந்தே எழுதினார். ஆனாலும் ஆதாமின் குற்றம் எல்லார்மேலும் இருப்பதால் அறியாமை யாரையும் விடுவிக்காது என்பதே அவர் முடிவு.

1442இல் திருச்சபையின் பொதுச்சங்கமான புளோரன்ஸ் சங்கம், அஞ்ஞானிகளும் யூதரும் பதிதரும் பிரிவினைக்காரரும் சாகுமுன் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய அக்கினிக்குள் போவார்கள் என்று அறிக்கையிட்டது. அதற்கு 50 ஆண்டுகள் கழித்து, 1492இல், கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் கரையிறங்கினார். கிறிஸ்துவுக்குப் பின்னும் பதினைந்து நூற்றாண்டுகளாக மக்கள் பிறந்து, பிள்ளை பெற்று, முதிர்ந்து இறந்துகொண்டிருந்த கண்டங்கள் அவை. அங்கே ஒருவர்கூட ஒரு வார்த்தையும் கேட்டிருக்க வழியில்லை. அந்தச் செய்தி ஐரோப்பாவின் இறையியலாளர்களை எவ்வளவு உலுக்கியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஸ்பெயினின் சலமன்காவில் கற்பித்த இறையியலாளர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா 1539இல் அந்தக் கண்டத்து மக்களைக் குறித்து ஆற்றிய விரிவுரையில், கேள்விப்படாதவர்களுக்கு விசுவாசியாமை ஒரு பாவமாகாது என்று தெளிவாகச் சொன்னார். அதனால் மட்டுமே அவர்கள் இரட்சிக்கப்படுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆயினும் குற்றப்பட்டியலிலிருந்து ஒரு குற்றம் நீங்கியது.

பிப்ரவரி 4, நள்ளிரவு

நேற்று எழுதியதில் ஒரு குறை. ரோமர் 10ஐ எடுத்துக்காட்டி 14ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டேன். 18ஆம் வசனத்தில் பவுலே, அவர்கள் கேள்விப்படவில்லையா என்று கேட்டு, கேள்விப்பட்டார்கள் என்று தாமே விடை சொல்லி, 19ஆம் சங்கீதத்தின் வரிகளைத் தருகிறார். அந்தச் சங்கீதம் சொல்லும் குரல், பேச்சும் வார்த்தையும் இல்லாமல் வானங்கள் எழுப்பும் குரல். பவுல் அங்கே இஸ்ரவேலரைக் குறித்து வாதிடுகிறார் என்பதால் இதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. என்றாலும், கேள்விப்படுதல் என்ற சொல்லுக்கு நான் கொடுத்துவந்த பொருள் பவுல் கொடுத்ததைவிடக் குறுகலானதோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 6

கொர்நேலியுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தை இரண்டு தரப்பாரும் தங்களுக்குச் சாதகமாகவே வாசிக்கிறார்கள். பேதுரு வருவதற்கு முன்பே ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியாயிருந்த அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் தேவ சந்நிதியை எட்டியிருந்தன. எந்த ஜனத்திலாயினும் அவருக்குப் பயந்து நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்று பேதுருவே வாய்விட்டுச் சொல்கிறார். இதோடு நிறுத்தினால் பரந்த வாசிப்பு வென்றுவிடும். ஆனால் அடுத்த அதிகாரத்தில் (11:14) பேதுரு சொல்லப்போகும் வார்த்தைகளால்தான் கொர்நேலியுவும் அவன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று தூதன் சொன்னதாக வருகிறது. அப்படியானால் ஜெபம் கேட்கப்பட்டிருந்தும், அவனுக்கு இன்னும் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. இந்த வசனத்தை விழுங்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இதே சம்பவத்தை வைத்துத்தான் விடை தேடினார். காட்டில், விலங்குகளின் நடுவே வளர்ந்த ஒருவனை எடுத்துக்கொள்வோம் என்கிறார். அவன் தன் இயல்பறிவின் வழி நடந்து நன்மையைத் தேடித் தீமையை விலக்கினால், தேவன் அவனுக்கு உள்ளத்திலேயே வெளிப்படுத்துவார், அல்லது கொர்நேலியுவிடம் பேதுருவை அனுப்பியதுபோல் ஒரு பிரசங்கியை அனுப்புவார் என்கிறார். விசுவாசம் வேண்டும் என்ற கட்டளையும் நிற்கிறது, தேவனுடைய நீதியும் நிற்கிறது. அழகான விடை.

ஆனால் என்னால் இதில் முழுமையாக இளைப்பாற முடியவில்லை. பாட்டியிடம் யாரும் அனுப்பப்படவில்லை. அப்படியானால் அவர் தேடவில்லை என்று முடிவுகட்ட வேண்டுமா? அவர் மாலை நேரங்களில் வாசலில் உட்கார்ந்து, "நீ யாராயிருந்தாலும் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்று வேண்டுவார் என அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த "நீ யாராயிருந்தாலும்" என்ற விளிப்பை நினைக்கும்போதெல்லாம், ஏதென்ஸில் "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த பலிபீடத்தின் முன் பவுல் நின்றது நினைவுக்கு வரும்.

பிப்ரவரி 9

பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அங்கே இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக இருந்துவிட்டு, 1552 தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்த தம் இயேசு சபைத் தோழருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், நம் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்ததைச் சொல்கிறார். புதிதாக விசுவாசித்த ஜப்பானியர், நரகத்திலிருக்கும் தங்கள் முன்னோரை மீட்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். தாயும் தகப்பனும், முன்பே இறந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். வழியில்லை என்று அவர் சொன்னார். அவர்கள் அழுதார்கள். தாம் நேசிக்கும் நண்பர்கள் இப்படி அழுவதைப் பார்க்கும்போது தமக்கும் வேதனையாக இருந்தது என்று அவரே எழுதுகிறார்.

இதே கடிதத்தில் இன்னொரு கேள்விக்கும் விடை சொல்கிறார். தேவன் நல்லவராயிருந்தால் எங்களுக்கு ஏன் இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தார் என்று அவர்கள் கேட்டபோது, கொலையும் களவும் தீமை என்பதை யாரும் கற்றுத்தராமலே மனிதர் அறிந்திருந்தார்கள், படைத்தவரே அதை அவர்கள் உள்ளத்தில் எழுதிவைத்திருந்தார், மலையில் தனியே வளர்ந்த ஒருவனைக் கேட்டாலும் அதைச் சொல்வான் என்றார். இந்த இடத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். உள்ளத்தில் எழுதப்பட்ட பிரமாணம் ரோமர் 2ஆம் அதிகாரத்திலிருந்து வருவது. அங்கே பவுல், அந்தப் பிரமாணத்தை உடையவர்களின் சிந்தனைகள் ஒன்றையொன்று குற்றப்படுத்தும் என்று மட்டும் சொல்லவில்லை. குற்றமில்லை என்று தீர்க்கவும் கூடும் என்கிறார். சவேரியார் முதல் பாதியை முன்னோர்மேல் சாட்டினார். இரண்டாவது பாதியை, அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அவர் கொடுத்திருக்கலாம். அவர் அன்பில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்து அவ்வளவு தூரம் போனவரை அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. தம் கையிலிருந்த வசனத்தை முழுதும் திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 10

மரணத்துக்குப் பின் ஒரு வாய்ப்பு கிடைக்கும் என்று நம்பலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: 1 பேதுரு 3:19 கிறிஸ்து காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்ததைச் சொல்கிறது, 4:6 மரித்தோருக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டதைச் சொல்கிறது. முன்னதில் நோவாவின் காலத்தவர் மட்டுமே பேசப்படுகிறார்கள். பின்னதை, உயிரோடிருந்தபோது கேட்டுப் பிறகு இறந்த விசுவாசிகள் என்றும் வாசிக்கலாம். இவ்வளவு மெல்லிய இழையில் இவ்வளவு பெரிய பாரத்தைத் தொங்கவிட எனக்குத் துணிவில்லை.

பிப்ரவரி 13

6ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இன்று ஆராதனை முடிந்து வந்தபின் அத்தையிடம் தொலைபேசியில் பேசினேன். அப்பாவின் உடன்பிறந்தவர்களில் இப்போது உயிரோடிருப்பவர் அவர் ஒருவரே. பாட்டி வாசலில் உட்கார்ந்து வேண்டியதைப் பற்றிக் கேட்டேன். பாட்டி வேண்டிக்கொண்டது உண்மைதான், ஆனால் "நீ யாராயிருந்தாலும்" என்று சொல்லித் தாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றார் அத்தை. பாட்டி தாம் வணங்கிய தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் வேண்டினாராம். அந்த விளிப்பு அப்பாவின் நினைவில் பிற்பாடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதை அவர் வேண்டுமென்றே சேர்த்திருக்க மாட்டார்; தன் தாயை ஏதென்ஸ் பலிபீடத்துக்குப் பக்கத்திலாவது கொண்டுபோய் நிறுத்த ஒரு மகனின் மனம் விரும்பியிருக்கிறது. நானும் அதையே பற்றிக்கொண்டிருந்தேன்.

அத்தை இன்னொன்றும் சொன்னார். பாட்டியிடம் யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? வந்திருக்கிறார்கள். அத்தைக்குப் பத்து வயதிருக்கும்போது இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, பாட்டி கும்பிடுவதெல்லாம் பிசாசு என்று வாசலில் நின்றபடியே சொல்லி, ஒரு கைப்பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பாட்டிக்கு எழுத்து தெரியாது. அவர்கள் போன பிறகு பாட்டி நெடுநேரம் பேசாமல் இருந்தார் என்றார் அத்தை.

அப்படியானால் பாட்டி கேள்விப்பட்டவரா, கேள்விப்படாதவரா? பன்னிரண்டு வயதிலிருந்து நான் சுமந்துவந்த கேள்வியின் முதற்பாதியே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இயேசு என்ற பெயர் அன்று அவர் காதில் விழுந்திருக்கலாம். சுவிசேஷம், அதாவது நற்செய்தி, விழவில்லை. வித்தோரியாவின் அதே 1539 விரிவுரையில் இதற்கும் ஓர் இடம் உண்டு. நம்பத்தக்க சான்றும் நல்வாழ்வின் முன்மாதிரியும் இல்லாமல் வெறுமனே அறிவிக்கப்பட்டால், கேட்டவுடனே விசுவாசிக்க அந்த மக்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றார் அவர். அங்கே அவர் எண்ணியது வாள் ஏந்தி வந்த ஸ்பானியரை. எங்கள் வாசலுக்கு வந்தவர்களிடம் வாள் இல்லை. ஆனாலும் அந்த விரிவுரை அந்த வாசலுக்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 15

"தேவன் எல்லாவற்றையும் முன்னறிகிறவர், எவ்விதச் சூழ்நிலையிலும் விசுவாசிக்கமாட்டார்கள் என்று அவர் அறிந்தவர்களைத்தான் சுவிசேஷம் எட்டாத இடங்களில் பிறக்கச் செய்தார்" என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இது அவருடைய சொந்தக் கற்பனை இல்லை. ஸ்பானிய இறையியலாளர் லூயிஸ் தெ மோலினா 1588இல் வெளியிட்ட நூலில் வகுத்த, "இன்ன நிலையில் இன்னார் இன்னது செய்வார் என்பதைத் தேவன் அறிவார்" என்ற கொள்கையைக் கொண்டு இக்காலத்தில் சிலர் எழுப்பியிருக்கும் வாதம் இது. சகோதரரே, மத்தேயு 11:21ஐத் திறந்து பாருங்கள். கோராசீனிலும் பெத்சாயிதாவிலும் செய்யப்பட்டவை அந்நிய நகரங்களான தீருவிலும் சீதோனிலும் செய்யப்பட்டிருந்தால், அவர்கள் அப்பொழுதே இரட்டுடுத்தி மனந்திரும்பியிருப்பார்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். கிடைத்திருந்தால் திரும்பியிருப்பார்கள், ஆனால் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அவருடைய வாயே சாட்சி. நியாயத்தீர்ப்பு நாளில் அவர்களுக்கு நேரிடுவது இலகுவாயிருக்கும் என்றும் சேர்த்தே சொல்கிறார். அது இரட்சிப்பு என்று அவர் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டங்கண்டமாக மனிதரை எடுத்து, இவர்கள் எப்படியும் மறுத்திருப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்திடுவதற்கு இந்த வசனம் இடங்கொடாது.

மறுபக்கத்தில், 20ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர், அறியாமலே கிருபைக்கு இசைந்து வாழ்பவரைப் பெயரில்லாக் கிறிஸ்தவர் என்று அழைத்தார். அவருடைய கருணையை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டியை அப்படி அழைக்க எனக்கு மனமில்லை. அவர் எந்தப் பெயரைச் சொல்லி வேண்டினார் என்பது அத்தைக்குத் தெரியும். அதை அழித்துவிட்டு என் பெயரை அவர்மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் நடந்துவந்த தூரம் பெரிது. 1863இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்), தாமே நீக்கிக்கொள்ள இயலாத அறியாமையில் இருந்து, இயல்புச் சட்டத்தைக் கைக்கொண்டு தேவனுக்குக் கீழ்ப்படிய ஆயத்தமாயிருப்பவர்கள், தேவ ஒளியாலும் கிருபையாலும் நித்திய ஜீவனை அடையக்கூடும் என்றார். பாஸ்டனில் லெனார்ட் ஃபீனி என்ற குரு, திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்ற பழைய வாசகத்தை எழுத்துக்கு எழுத்து வலியுறுத்தியபோது, 1949இல் ரோம் அவருடைய விளக்கத்தை மறுத்தது. 1953இல் கீழ்ப்படியாமைக்காக அவர் சபை விலக்கம் செய்யப்பட்டார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருந்து நேர்மையான உள்ளத்தோடு தேவனைத் தேடுவோர் இரட்சிப்படையக்கூடும் என்று எழுதிவைத்தது. சீர்திருத்த மரபிலும் குரல்கள் ஒன்றாக இல்லை. 1531இல் சூரிச்சின் சீர்திருத்தவாதி சுவிங்லி, பிரான்ஸ் மன்னருக்கு எழுதிய விசுவாச விளக்கத்தில், பரலோகத்தில் மன்னர் சாக்ரடீஸையும் காண்பார் என்று எழுதினார்; லூத்தர் அதைக் கடுமையாகச் சாடினார். இங்கிலாந்தில் 1646இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ, இயற்கையின் ஒளிப்படி எவ்வளவு கருத்தாய் வாழ்ந்தாலும் கிறிஸ்தவ மார்க்கத்தை அறிக்கையிடாதவர் இரட்சிக்கப்பட முடியாது என்றது. அதே அதிகாரம், வார்த்தையின் ஊழியத்தால் அழைக்கப்பட இயலாத தெரிந்துகொள்ளப்பட்டோர் ஆவியானவரால் இரட்சிக்கப்படுகிறார்கள் என்றும் சொல்கிறது. சிசுக்களையும் அவர்களைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது அது. அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்று மட்டும் அவர்கள் எழுதவில்லை.

பிப்ரவரி 18

"அறியாதவர்களுக்கு நம்பிக்கை உண்டென்றால் எதற்காகச் சொல்லப் போக வேண்டும்? சொல்லி, அவன் மறுத்து, ஆக்கினைக்குள்ளாவதைவிடச் சொல்லாமல் இருப்பது மேலல்லவா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இந்தக் கேள்வி சுவிசேஷத்தை ஒரு சம்மனைப் போல நினைக்கிறது: கையில் வாங்கினால் வழக்கு, வாங்காவிட்டால் தப்பினோம். பாவமன்னிப்பு உண்டு, மரணம் தோற்றுப்போயிற்று, தகப்பன் வாசலில் காத்திருக்கிறார் என்ற செய்தியைக் கேளாமல் எண்பது ஆண்டுகள் வாழ்வது எதையும் இழக்காத வாழ்வா? கடைசி நாளில் எண்ணிக்கொள்ளப்படுவதற்காக மட்டும் நான் விசுவாசிக்கவில்லை. பாட்டி இறக்கும்போது மிகவும் பயந்தார் என்று அத்தை சொன்னார். அந்த இரவில் ஒருவர் அருகிலிருந்து, பயப்படாதே என்று சொல்லக்கூடிய செய்தியோடு உட்கார்ந்திருக்கலாம். சொல்லப் போவதற்கு எனக்கு அந்தக் காரணமே போதும். கைப்பிரதியோடு வந்த இருவரும் போகத்தான் செய்தார்கள். எப்படிப் போவது என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியதுதான்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்ட நண்பருக்கு. இன்று வகுப்பில் அந்தப் பையனிடம் பேசியதாக எழுதியிருந்தீர்கள். அவனுடைய தாத்தா போன ஆண்டு இறந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது என்கிறீர்கள். அடுத்த வாரம் அவனோடு ஆதியாகமம் 18ஐ வாசியுங்கள். சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்டது அந்நிய ஊருக்காக. தேவன் அவன்மேல் கோபப்படவில்லை, அவன் கேட்டு முடிக்கும் வரை நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு லூக்கா 13:23ஐ வாசியுங்கள். இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ என்று ஒருவன் கேட்டபோது ஆண்டவர் எண்ணிக்கை சொல்லவில்லை. கேட்டவர்களையே பார்த்து, உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்றார். அந்தப் பகுதியின் முடிவில் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலுமிருந்து ஜனங்கள் வந்து பந்தியிருப்பார்கள் என்பதையும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.

தாத்தா பரலோகத்தில் இருக்கிறார் என்று அவனுக்கு உறுதி சொல்லாதீர்கள். அது உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நரகத்தில் இருக்கிறார் என்றும் சொல்லாதீர்கள், அதுவும் கொடுக்கப்படவில்லை. தாத்தாவைப் பற்றி அவனையே பேசச் சொல்லிக் கேளுங்கள். என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அந்தக் கைப்பிரதி பாட்டியின் பெட்டியில் கடைசி வரை இருந்ததாம். அத்தை நேற்று மறுபடியும் அழைத்துச் சொன்னார். பாட்டி அதை ஏன் வைத்திருந்தார் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.